எந்த மூன்றாம் நம்பர்?

ட்வீட்டர் மூன்று நொடிதான் தாங்கியது. கரகரவென்று ஒரு சத்தம், வார்னிஷ் கருகும் வாசனை, அப்புறம் ஒன்றுமில்லை. வீட்டு மேசைமேல் நான் செய்த சோதனை அது. பழைய டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஓட்டைகள். பச்சையில் வருவது பேஸுக்கு, கறுப்பில் வருவது மிட்டுக்கு, ஆரஞ்சில் வருவது ட்வீட்டருக்கு என்று மூன்று ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒயர் இழுத்திருந்தேன். ஃபில்டர் கணக்கு சரி. ஒயரும் சரி. ஆனால் மூன்றாம் சானல் என்று நான் எழுதியது ஒன்று, மூன்றாம் சானல் என்று பாட்டு ஓட்டும் மென்பொருள் எடுத்துக்கொண்டது இன்னொன்று. இரண்டு பேரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகத்தான் எண்ணினோம். எண்ணிய வரிசைதான் வேறு.

அது எப்படி நடந்தது என்று சொல்வதற்குமுன், ஒரு பாட்டுக்கு ஏன் இத்தனை ஒயர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்குப் போனவர்கள் மைக்செட்காரர் அடுக்கும் பாக்ஸ்களைப் பார்த்திருப்பார்கள். தரையில் ஆள் உட்காரும் அளவுக்கு பேஸ் பாக்ஸ், அதன்மேல் மிட், உச்சியில் ஹாரன் வாய் வைத்த டாப்; வீட்டு ஸ்பீக்கரில் ட்வீட்டர் செய்யும் வேலைதான் அதற்கு. பழைய குழாய் ரேடியோ காலத்தில் ஒரு ஆம்ப், அதிலிருந்து மரத்துக்கு மரம் ஒரே ஜோடி ஒயர், அவ்வளவுதான் வேலை. குழாய்க்குப் பேஸ் என்பதே கிடையாது. இப்போது தவுலின் அடியும் வேண்டும், கூத்துக்காரரின் சலங்கையும் வேண்டும். ஒரே ஸ்பீக்கர் இரண்டையும் தராது. தவுலின் அடியைத் தள்ளப் பெரிய கோன் வேண்டும். அவ்வளவு கனமான கோன் சலங்கையின் வேகத்துக்கு அசையாது. ஆகவே சத்தத்தைக் கூறு போட்டு, கனமானதைக் கீழே, நடுவானதை நடுவில், மெல்லியதை மேலே அனுப்புகிறார்கள். கூறு போடும் அந்தப் பொருளுக்குத்தான் கிராஸ்ஓவர் என்று பெயர்.

கூறு போடுவதை இரண்டு இடத்தில் செய்யலாம். ஆம்ப்புக்குப் பிறகு, பாக்ஸுக்குள்ளேயே செப்புக் காயிலும் கெபாசிட்டரும் வைத்துப் பிரிப்பது ஒரு வகை. வீட்டு ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றினால் உள்ளே பலகையில் ஒட்டியிருப்பது அதுதான். அதைத் தொழிற்சாலையில் கட்டி மூடிவிடுவதால் பேஸும் ட்வீட்டரும் மாறிப்போக வழியில்லை. இன்னொரு வகை, ஆம்ப்புக்கு முன்னாலேயே, சத்தம் இன்னும் சிறு மின்னழுத்தமாக இருக்கும்போதே பிரித்துவிட்டு, ஒவ்வொரு கூறுக்கும் தனி ஆம்ப் வைப்பது. இதுதான் ஆக்டிவ் கிராஸ்ஓவர். பெரிய காயிலில் சக்தி வீணாகாது, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதன் ஆம்ப் நேராகப் பிடித்து ஓட்டும், எந்த இடத்தில் வெட்டுவது என்பதை நின்ற இடத்திலேயே மாற்றலாம். இதற்குத் தரும் விலைதான் ஒயர். மூன்று கூறு, இரண்டு பக்கம். ஆக ஆறு ஆம்ப் சானல். ஆறு ஒயரை ஆறு இடத்தில் சொருக 720 விதம் உண்டு. சரியானது ஒன்றுதான்.

ஃபில்டரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலோர் வைப்பது லிங்க்விட்ஸ்-ரைலி வகை. ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தில் இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு பொறியாளர்களின் பெயர் அது. லிங்க்விட்ஸின் கட்டுரை 1976இல் வெளிவந்தது. வெட்டும் இடத்தில் இரண்டு கூறும் ஆறு டெசிபல் குறைந்திருக்கும். சேர்ந்து ஒலிக்கும்போது மேடும் பள்ளமும் இல்லாமல் பொருந்தும். 1500 ஹெர்ட்ஸில் வெட்டி, ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சரிவு வைத்தால், 750 ஹெர்ட்ஸ் ஒலி டாப்புக்குப் போகும்போது ஏறத்தாழ 290இல் ஒரு பங்கு சக்தியாக இளைத்திருக்கும். டாப் யூனிட் பிழைத்திருப்பது இந்த இளைப்பை நம்பித்தான். அதன் காயில் மயிரிழை ஒயரில் சுற்றியது, அசைய இருக்கும் இடமோ துளிதான். ஒரே அளவு சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் அசைவு நாலு மடங்கு வேண்டும். பேஸ் நேராக வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று காயில் கட்டித் தரும் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

ஆர்வலர்கள் இந்த ஃபில்டரைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். 24ஆ 48ஆ, ரைலியா பட்டர்வொர்த்தா என்று சண்டைகூட நடக்கும். இந்த வகைத் தேர்வில் பிழை இருந்தால் சத்தம் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். யூனிட் எரிவது பெரும்பாலும் இந்தத் தேர்வில் அல்ல, எந்தக் கூறு எந்த ஒயரில் போகிறது என்பதில். அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை, காதில் கேட்டு ரசிக்க அதில் ஒன்றும் இல்லையே!

ஆங்கிலத்தில் சானல் என்றால் வாய்க்கால். ஏரிப்பாசனம் தெரிந்த நம் ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஏரியில் இரண்டு மடை, கீழே ஆறு கழனி. எந்த மடையை எந்தக் கழனிக்கு, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வதுதான் ரவுட்டிங். பாட்டில் இடது, வலது என்று இரண்டு சானல் வருகிறது. இடதை மூன்று வாய்க்காலுக்கும், வலதை மற்ற மூன்றுக்கும் விட வேண்டும். இரண்டு பக்கப் பேஸையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பேஸ் பாக்ஸுக்கு விட வேண்டுமென்றால் இரண்டு மடையையும் பாதிப் பாதி திறக்க வேண்டும். முழுதாகத் திறந்தால் கரை உடையும், அதாவது சத்தம் எல்லை தாண்டிப் பிசிறும். மென்பொருளில் இதை ஒரு கட்டமாகவே பார்க்கலாம்: குறுக்கே வருவது, நெடுக்கே போவது, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு டெசிபல். வாய்க்காலுக்கு வாய்க்கால் வடிகட்டி வைப்பது அதற்கு அடுத்த வேலை.

இந்த வரிசை முக்கியம். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருளில் கட்டளைகள் மேலிருந்து கீழாக ஓடும். இடது சானலில் முதலில் பேஸ் ஃபில்டரைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் அதை டாப் வாய்க்காலுக்கு நகல் எடுத்தால், டாப்புக்குப் போவது பேஸ் மட்டும்தான். முதலில் நகல், பிறகு ஃபில்டர். லினக்ஸில் ஹென்ரிக் என்குவிஸ்ட் எழுதிய கமில்லா டிஎஸ்பியிலும் அப்படித்தான்: மிக்ஸர் என்ற பகுதியில் இரண்டை ஆறாக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றிலும் ஃபில்டர். மைக்செட்காரர் ரேக்கில் வைத்திருக்கும் டிஎஸ்பி பெட்டியும் உள்ளுக்குள் இதே வேலையைத்தான் செய்கிறது. திரை சின்னது, பொத்தான் அதிகம்.

இனி என் ட்வீட்டருக்கு வருகிறேன்.

நிலத்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஊருக்குள் அது வேடியப்பன் கொல்லை, புளியமரத்துக் கழனி, மேட்டுக் கழனி. தாலுகா ஆபீஸில் அது ஒரு சர்வே நம்பர். ஊர்ப் பெயர் மாறுவதில்லை. சர்வே நம்பரோ ஒவ்வொரு நில அளவைக்கும் மாறும், யு.டி.ஆர் எனப்படும் நிலப் பதிவேட்டுத் திருத்தத்துக்கு முந்தைய நம்பர் ஒன்று, பிந்தைய நம்பர் இன்னொன்று, உட்பிரிவு செய்தால் அதன்பின் ஒரு எண்ணோ எழுத்தோ. பழைய பத்திரத்தில் உள்ள நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு புதிய வரைபடத்தில் தேடினால், அந்த நம்பரில் ஒரு நிலம் இருக்கத்தான் செய்யும், அது வேறு யாருடையதாவது இருக்கும். சானல் நம்பரும் அப்படித்தான். தவறான நம்பர் ஒருபோதும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லாது. அங்கே ஒரு சானல் இருக்கும், சத்தத்தை வாங்கிக்கொள்ளும்.

ஆறு சானல் ஒலிக்கு ஊர் ஒத்த வரிசை ஒன்று கிடையாது. வேவ் கோப்பில் வரிசை இப்படி: முன் இடது, முன் வலது, நடு, எல்எஃப்இ எனப்படும் தனிப் பேஸ், பின் இடது, பின் வலது. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் 5.1க்கு வழக்கமான வரிசை: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, நடு, தனிப் பேஸ். ஆக் வார்பிஸ் கோப்பில் முன் இடது, நடு, முன் வலது என்று ஆரம்பிக்கும். ஏஏசியில் நடுதான் முதல், பிறகு இடது, வலது. இப்போது கேளுங்கள், மூன்றாம் சானல் எது? வேவைக் கேட்டால் நடு என்கிறது. அல்சா பின் இடது என்கிறது. வார்பிஸும் ஏஏசியும் முன் வலது என்கின்றன. நாலு பேரிடம் கேட்டால் மூன்று பதில். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

நான் செய்தது என்ன? அல்சா வரிசையை மனதில் வைத்து, ஒன்று-இரண்டு பேஸ், மூன்று-நான்கு மிட், ஐந்து-ஆறு டாப் என்று பிரித்து, அந்த ஆறையும் ஒரு வேவ் கோப்பாகச் சேமித்தேன். கோப்பைத் திறந்த மென்பொருள் தன் சட்டப்படி நடந்தது. மூன்றும் நான்கும் நடுவும் தனிப் பேஸும் அல்லவா. அவற்றுக்குரிய ஆரஞ்சு ஓட்டைக்கு அனுப்பியது. ஆரஞ்சில் என் ட்வீட்டர் காத்திருந்தது. 150 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கும் மிட் ஒலி முழு வலுவோடு அதில் இறங்கியது. இதில் எரிச்சலூட்டும் விஷயம், அதற்குமுன் நான் சோதித்தும் பார்த்தேன்: பேஸை ஓட்டினேன், இடது இடதில் வந்தது, வலது வலதில் வந்தது. முதல் இரண்டு இடம் இரண்டு வரிசையிலும் ஒன்றுதான். அது பொருந்தியதால் மற்றதும் பொருந்தும் என்று நம்பிவிட்டேன்.

இன்னொரு பள்ளம், எண்ணத் தொடங்கும் இடம். கமில்லா டிஎஸ்பியில் முதல் சானல் பூஜ்யம். ஜாக் என்ற லினக்ஸ் ஒலி இணைப்பியில் வெளிவரும் முதல் துளையின் பெயரில் உள்ள எண் ஒன்று. சவுண்ட் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருப்பதும் ஒன்றுதான். ஆகக் கமில்லாவின் அமைப்புக் கோப்பில் இரண்டு என்று இருப்பது தகரத்தில் மூன்று. தூக்கம் இல்லாத இரவில் இந்த ஒன்றைக் கூட்டுவதா கழிப்பதா என்று மூளை தடுமாறும்.

தனி கிராஸ்ஓவர் பெட்டிகளும் இதற்கு விலக்கல்ல. பெரிஞ்சர் நிறுவனத்தின் டிசிஎக்ஸ் 2496 என்ற கிராஸ்ஓவர் பெட்டி உலகம் முழுக்க மேடைக்காரர்களிடம் புழங்கியது. மூன்று உள்வழி, ஆறு வெளிவழி. அதில் வெளிவழிகளின் வரிசையை நாமே தேர்ந்தெடுக்கலாம். பேஸ்-மிட்-டாப், பேஸ்-மிட்-டாப் என்று பக்கவாரியாக வைக்கலாம். பேஸ்-பேஸ், மிட்-மிட், டாப்-டாப் என்று கூறுவாரியாகவும் வைக்கலாம். முதல் முறையில் மூன்றாம் வெளிவழி இடது டாப். இரண்டாம் முறையில் அதே துளை இடது மிட். ஒரே பெட்டி, ஒரே துளை, ஒரே எண்! நேற்று வேறொருவர் வாடகைக்கு எடுத்துப் போய் வரிசையை மாற்றிவிட்டுத் திருப்பித் தந்திருந்தால் வெளியே பார்த்து எதுவும் தெரியாது.

எண்ணோடு பெயரும் சேர்ந்து குழப்பும். விண்டோஸுக்கு நம் பேஸ்-மிட்-டாப் கதை தெரியாது; சினிமா பார்க்கிறோம் என்றே நினைத்துக்கொள்ளும். ஈக்வலைசர் ஏபிஓவில் நாம் எழுத வேண்டிய பெயர்களே முன், நடு, சப், பின், பக்கம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கங்கள்தான். வலது டாப்பை ‘சப்’ என்ற பெயரில் அனுப்ப வேண்டி வருகிறது. வெறும் பெயர்தானே என்று விட முடியாது, ஏனென்றால் மென்பொருள் பெயரை நம்பி வேலை செய்யும். ஸ்பீக்கர் அமைப்பில் ‘முழு வீச்சு ஸ்பீக்கர்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், மற்ற சானல்களின் பேஸை எல்லாம் திரட்டிச் ‘சப்’புக்கு அனுப்பும் வசதி சில கார்டுகளில் உண்டு. நல்ல எண்ணம்தான். அந்த வாய்க்காலின் கடைசியில் நம் டாப் யூனிட் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? இரண்டு சானல் பாட்டை ஆறு ஸ்பீக்கருக்கும் பரப்பித் தரும் வசதி, இரவு நேரத்துக்குச் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி, எல்லாவற்றையும் தேடித் தேடி அணைக்க வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே நான் சினிமாப் பெயர்கள் உள்ள கம்ப்யூட்டர் கார்டை விட்டுவிட்டு, வெளிவழிகளுக்கு வெறும் எண் மட்டும் போட்ட ரெக்கார்டிங் வகை யுஎஸ்பி கார்டுக்கு மாறினேன். எட்டு வெளிவழி, எட்டும் ஒரே மாதிரி, எதற்கும் சாதி இல்லை.

யுஎஸ்பி கார்டிலும் ஒரு சூட்சுமம். இரண்டு வெளிவழி உள்ள மலிவு கார்டு மூன்றை வாங்கி ஆறாக்கிவிடலாம் என்று தோன்றும். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தில் ஓடும். ஒரு மணி நேரத்தில் பேஸும் டாப்பும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவிவிடும். அதோடு, லினக்ஸில் கார்டு பூஜ்யம், கார்டு ஒன்று என்ற எண்கள் எந்தக் கார்டு முதலில் எழுந்தது என்பதைப் பொறுத்தவை. ஜெனரேட்டருக்கு மாற்றி மறுபடி ஆன் செய்தால் வரிசை புரளலாம். அங்கேயும் எண்ணைவிட்டு, கார்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே நல்லது. அல்சாவில் ‘பிளக்’ என்று தொடங்கும் வழியாகப் போனால், பொருந்தாததை அதுவே பொருத்திக் கொடுத்துவிடும், கேட்கவும் செய்யாது. நேர்வழியில் போனால் ‘பொருந்தவில்லை’ என்று நின்றுவிடும். இந்த வேலையில் எனக்கு நின்றுவிடுகிற முரட்டு ஆள்தான் வேண்டும். சமாளித்துவிடுகிற நல்லவர் வேண்டாம்.

சரி, பெயர் எப்படி வைப்பது? என் வழக்கத்தைச் சொல்கிறேன். பெயரில் இரண்டே செய்தி: எந்தப் பக்கம், என்ன வேலை. ‘இடது பேஸ்’, ‘வலது டாப்’. ஸ்பீக்கரின் கம்பெனி, அங்குல அளவு, ஆம்ப்பின் வாட்ஸ் எதையும் பெயரில் சேர்ப்பதில்லை. யூனிட் மாறும், வேலை மாறாது. மென்பொருளில் மிக்ஸருக்கும் ஃபில்டருக்கும் இஷ்டம்போல் பெயர் வைக்க விடுவார்கள். ‘ஃபில்டர்1’, ‘ஃபில்டர்2’ என்று விடாமல் ‘டாப்_1500க்கு_மேல்’ என்று எழுதினால், வரியைப் படிக்கும்போதே பிழை கண்ணில் குத்தும்: ‘இடது பேஸ்’ வாய்க்காலில் ‘டாப்_1500க்கு_மேல்’ உட்கார்ந்திருந்தால் எவருக்கும் தெரியும். அதே பெயர் ஒயரின் இரண்டு முனையிலும், ஆம்ப்பின் நெற்றியிலும், பாக்ஸின் பின்னாலும் வர வேண்டும். எழுத்து அழிந்துவிடும் என்பதால் கலர் டேப்பும் சுற்றலாம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பேஸ் லைனுக்கு எலக்ட்ரீஷியன் சுற்றும் அதே டேப்தான். ஸ்பீக்கருக்குப் பேஸ் சிவப்பு, மிட் மஞ்சள், டாப் நீலம். (மின்சாரத்தில் ‘பேஸ்’ ஒன்று, ஸ்பீக்கரில் ‘பேஸ்’ இன்னொன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது இந்தக் கட்டுரைக்கே ஒரு பெயர்க் குழப்பம்.)

பக்கத்தின் பெயரில் ஒரு வம்பு உண்டு. மேடையில் நிற்பவருக்கு இடது, பந்தலில் உட்கார்ந்திருப்பவருக்கு வலது. கூத்து நடக்கும் களரியில் ஜனம் மூன்று பக்கமும் உட்கார்ந்திருக்கும். இடது வலது என்பதற்கே அர்த்தம் குறைவு. ஆம்ப் ரேக்கை மேடைக்குப் பின்னால் வைத்தவரும் மிக்ஸரை எதிரில் வைத்தவரும் போனில் ‘வலது பக்கம் வரலை’ என்று கத்திக்கொண்டால் அரை மணி நேரம் போகும். அதற்கு ஊர்ப் பெயர் வைப்பதே மேல்: ‘கோயில் பக்கம்’, ‘ரோட்டுப் பக்கம்’. அன்று ஒரு இரவுக்கு அந்த ஊரில் அதைவிடத் தெளிவான பெயர் கிடையாது.

எந்த எண்ணில் எதை வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். மென்பொருள் படுத்துவிட்டாலோ, யாராவது கிராஸ்ஓவரைத் திறக்காமலே ஒரு பாட்டைத் தட்டிவிட்டாலோ, பிரிக்காத முழுச் சத்தம் முதல் இரண்டு வெளிவழியில்தான் வரும். ஆகவே முதல் இரண்டு பேஸுக்கு. பேஸ் ஸ்பீக்கருக்கு முழுப் பாட்டைக் கொடுத்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும், அதற்குமேல் சேதமில்லை. டாப் எப்போதும் கடைசி இரண்டில். பேஸ்-பேஸ், மிட்-மிட், டாப்-டாப் என்ற கூறுவாரி வரிசை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். முன்பு சொன்ன பக்கவாரி வரிசையில் இரண்டாவது இடத்திலேயே மிட் வந்துவிடுகிறது.

அதற்குமேல் ஒரு காவல், டாப் யூனிட்டோடு தொடராக ஒரு கெபாசிட்டர். 8 ஓம் யூனிட்டுக்கு 47 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் வைத்தால், ஏறத்தாழ 420 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுக்கத் தொடங்கும். 1500இல் வெட்டும் கிராஸ்ஓவருக்கு இது பெரிதாகக் குறுக்கே வராது. ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ‘டொப்’பையும் இது பெருமளவு வாங்கிக்கொள்ளும். இதைப் போட்டால் ஆக்டிவின் தூய்மை போய்விடும் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு யூனிட் வாங்கக் காசு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சோதிக்கும் முறை. டாப் யூனிட்களை முதலில் கழற்றி வைக்கவும். எரிந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய டிவி ஸ்பீக்கர் எந்த மைக்செட் கடையிலும் மூலையில் கிடக்கும். அதை எடுத்து ஒவ்வொரு ஆம்ப்பிலும் மாற்றி மாற்றிச் சொருகி, வால்யூமை மிகக் குறைவாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு சானலை மட்டும் திறக்க வேண்டும். பீப் ஒலியைவிடச் சொந்தக் குரல் நல்லது. ‘இடது பேஸ்… இடது பேஸ்…’, ‘வலது டாப்… வலது டாப்…’ என்று ஆறு பெயரையும் போனில் பதிந்து, அதனதன் வாய்க்காலில் ஓட்டினால் ஸ்பீக்கரே தன் பெயரைச் சொல்லும். ஃபில்டரும் வேலை செய்கிறதா என்பது கூடவே தெரிந்துவிடும்: பேஸ் முணுமுணுக்கும், மிட் போனில் பேசுவதுபோல் இருக்கும், டாப்பில் ‘ட’வும் ‘ச’வும் தூக்கலாக உரசும். டாப்புக்குப் போகும் ஒயரில் குரல் கனத்தோடு முழுதாகக் கேட்டால் அங்கே நிறுத்திவிட வேண்டும், யூனிட்டைச் சொருகக் கூடாது. ஆறையும் சோதிக்க வேண்டும். முதல் இரண்டு சரியாக வந்தது என்று எழுந்து போனவன் கதையை மேலே படித்தீர்கள்.

ஆறும் தன் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகுதான் தாமதம், ப்ளஸ் மைனஸ் வேலைகள். ஹாரன் உள்ளடங்கியும் பேஸ் முன் தள்ளியும் இருந்தால் முன்னால் இருப்பதை மென்பொருளில் கொஞ்சம் நிறுத்தி அனுப்ப வேண்டும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். ஒரு மில்லி நொடிக்கு 35 சென்டிமீட்டர் என்று டேப் பிடித்து அளந்தே போட்டுவிடலாம். 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலியில் எல்லா ஸ்பீக்கருக்கும் ப்ளஸ் ப்ளஸாகவே இருக்கலாம். 12 டெசிபல் வகையில் ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். இவற்றில் பிழை செய்தால் எதுவும் எரியாது. ஆற அமரக் கேட்டுத் திருத்தலாம்.

கடைசியாக ஒரு சீட்டு. மென்பொருள் எண், கார்டின் துளை எண், ஆம்ப் எண், பாக்ஸுக்குப் போகும் ஸ்பீக்கான் பின்னின் கால் எண், நான்கும் ஒரே வரியில், அதன் தலைமாட்டில் பெயர். ஆறு சானலுக்கு ஆறு வரி. பழைய சர்வே எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைப் போல. பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் எண் எது, ஒன்றில் ஆரம்பிக்கும் எண் எது என்று அதிலேயே குறித்துவிட வேண்டும். சீட்டை ரேக்கின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி, மேலே செல்லோ டேப்பால் மூடி, தேதியும் போட வேண்டும். வரிசையை மாற்றினால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்ட வேண்டும். பழையதன்மேல் பேனாவால் திருத்தினால், இருட்டில் டார்ச் பிடித்துப் படிக்கும் பையன் எதை நம்புவான்? பெரும்பாலும் பண்டிகை இரவில் ரேக் பக்கத்தில் இருப்பது அவன்தான். முதலாளி வேறு ஊரில் வேறு செட்டோடு இருப்பார்.

அந்தச் சீட்டின் அடியில் நான் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஆன் செய்யும்போது கம்ப்யூட்டர் முதலில், கிராஸ்ஓவர் ஓடுவதைப் பார்த்த பிறகு பேஸ் ஆம்ப், டாப் ஆம்ப் கடைசி. அணைக்கும்போது டாப் ஆம்ப் முதலில், கம்ப்யூட்டர் கடைசி. இரண்டாவது வரி அவசரமாக அணைக்க நேரும் இரவுக்காக. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்கு நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் அனுமதிக்கலாம். அனுமதி இல்லாத ஊரில் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போலீஸ்காரர் வந்து நிறுத்தச் சொல்வார், கூட்டம் இன்னொரு பாட்டு கேட்கும், அந்தக் களேபரத்தில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரின் ஒயரை முதலில் பிடுங்குவார்.